அறுவடை இயந்திரத்தின் கத்தி இயக்கத் தண்டு திரும்பத் திரும்ப முறிவதைத் தடுப்பது எப்படி?

தென்மராட்சி வயல்காரன்

வணக்கம் உறவுகளே. எங்கள் குடும்பத்தில் சங்கிலித்தடத்தில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம் ஒன்று உள்ளது. வெட்டகலம் ஏறக்குறைய 2 மீற்றர். காலபோகத்தில் மட்டுவில், கைதடி, நாவற்குழிப் பக்கங்களிலும் சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களிலும் ஓடுகிறது. கடந்த காலபோக அறுவடையில், கத்தியை இடமும் வலமும் இழுத்துத் தள்ளும் தண்டு, அதாவது கராஜ்களில் கொன்றொட் என்று சொல்லும் பகுதி, எங்களைப் பெரிதும் சோதித்துவிட்டது. முதலில் கத்தித் தலையை, அதாவது தண்டு வந்து பூட்டும் கத்தியின் முனையை, பிடிக்கும் போல்ற் அறுந்தது. அதனை மாற்றிய பின்னர் தண்டின் கண், அதாவது போல்ற் போகும் துளையுள்ள முனை, வெடித்தது. புதிய தண்டு பூட்டியதும் கத்தித் தலையே முறிந்தது. கல்லிலோ கட்டையிலோ மோதிய நேரத்தில் இவை நடக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத விடயம். நேராக நின்ற, நன்றாகக் காய்ந்த பயிரை வெட்டிக்கொண்டிருந்த வேளையிலேயே முறிந்தன.

தை மாதத்தில் மேகம் கறுத்து நிற்கும்போது இயந்திரம் ஒரு நாள் நின்றாலும், வரிசையில் காத்திருப்பவர்களின் நெல் சாய்ந்து கதிரிலேயே முளைத்துவிடும். இப்போது இயந்திரம் கொட்டிலில் நிற்பதால் அடுத்த போகத்துக்கு முன்னர் இதனை முறையாகத் தீர்க்க விரும்புகிறேன். இன்னும் உரமான போல்ற் போடுவதா, தண்டைத் தடிப்பாகச் செய்விப்பதா, அல்லது கத்தியின் வேகத்தைக் குறைப்பதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுன்னாகம் கராஜ்

வணக்கம் தம்பி. நீங்கள் எழுதிய ஒழுங்கே பாதி விடையைச் சொல்கிறது. போல்ற், பிறகு தண்டு, பிறகு கத்தித் தலை என்று ஒவ்வொன்றாக முறிந்திருந்தால், அந்தப் பாகங்களில் எதுவும் தரம் குறைந்ததாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவற்றின் மீது வரக்கூடாத ஒரு சுமை தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது, ஒன்றை உரமாக்கினால் அடுத்தது முறிகிறது. ஆகவே தண்டைத் தடிப்பாக்கும் எண்ணத்தை இப்போதைக்கு விடுங்கள். அது அதே சுமையைக் கியர்ப்பெட்டிக்கோ, சுழன்று தண்டை இயக்கும் கிராங்கின் பெயாரிங்குக்கோ தள்ளிவிடும். அங்கே முறிந்தால் செலவு பல மடங்கு.

மூன்று விடயங்களைப் பார்த்து எழுதுங்கள். முதலாவது, முறிந்த பாகங்களை எறியாமல் வைத்திருந்தால், முறிந்த முகம் முழுவதும் கரடுமுரடாக உள்ளதா, அல்லது ஒரு பகுதி வழுவழுப்பாகவும் வளைகோடுகள் படிந்தும் மற்றப் பகுதி மட்டும் கரடாகவும் உள்ளதா? இரண்டாவது, போல்ற்றுகள் இருந்த இடத்தைச் சுற்றிச் செம்மண்ணிறத் தூள் படிந்துள்ளதா? மூன்றாவது, எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கத்தியைத் தண்டிலிருந்து கழற்றிய பின்னர், கத்தி கையால் தள்ளும்போது இரு முனை வரைக்கும் ஒரே சீராக ஓடுகிறதா? தோல் கையுறை போடாமல் இதைச் செய்ய வேண்டாம். ஹெடரை, அதாவது முன்பக்க வெட்டும் பகுதியை, தூக்கியிருந்தால் அதன் பாதுகாப்புத் தாங்கியைப் பூட்டாமல் கீழே கையை விடவும் வேண்டாம்.

தென்மராட்சி வயல்காரன்

நன்றி அண்ணை. பாகங்கள் கொட்டிலிலேயே இருந்தன. தண்டின் கண்ணில் முக்கால் பங்கு முகம் வழுவழுப்பாக, ஓரத்திலிருந்து உள்ளே போகும் வளைகோடுகளோடு இருக்கிறது. மீதிதான் கரடு. போல்ற் துளையைச் சுற்றிச் செந்தூள் நிறைய உள்ளது, அதைச் சாதாரணக் கறல் (துரு) என்றே இயந்திரம் ஓட்டுபவர் கருதியிருந்தார். கத்தி வலப்பக்கத்தில் இலகுவாக ஓடுகிறது. இடப்பக்க முனையை, அதாவது இயக்கம் வரும் பக்கத்தை, நெருங்கும்போது இறுகுகிறது.

அறிவியல் நகர்

நான் கிளிநொச்சியில் பொறியியல் படிப்பவன். அண்ணை கேட்ட கேள்விகளின் காரணத்தைக் கணக்கோடு விளக்குகிறேன்.

நீங்கள் விவரித்த முறிவு, உலோகக் களைப்பால் வரும் முறிவு. ஒரே அடியில் உடைந்தால் முகம் முழுவதும் கரடாக இருக்கும். ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று தோன்றி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக முன்னேறி, மிஞ்சிய இரும்பு சுமையைத் தாங்க முடியாத கணத்தில் முறிந்தால்தான் வளைகோடுகள் இருக்கும். எனவே முறிந்த நேரத்தில் பயிர் எப்படி நின்றது என்பதற்கும் முறிவுக்கும் தொடர்பில்லை. வெடிப்பு பல நாட்களுக்கு முன்னரே தொடங்கியிருக்கும்.

சுமை எவ்வளவு என்று பார்ப்போம். உதாரணத்துக்குக் கத்தியின் வீச்சு, அதாவது ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அது ஓடும் தூரம், 76 மில்லிமீற்றர், கிராங் நிமிடத்துக்கு 500 சுற்று, கத்திச் சட்டத்தின் நிறை 6 கிலோகிராம் எனக் கொள்வோம். கத்தி ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கைத் தாண்டும், விசை ஏறக்குறைய 625 நியூற்றன். அதாவது ஒரு நெற்பயிரையும் வெட்டாமல் சும்மா ஓடும்போதே, தண்டு ஒவ்வொரு சுற்றிலும் 64 கிலோ நிறைக்கு ஈடான விசையால் ஒரு தரம் இழுபட்டு ஒரு தரம் தள்ளுப்படுகிறது. மணித்தியாலத்துக்கு 30,000 சுற்று என்றால், பத்து மணித்தியால வேலைநாளில் 300,000 சுற்று. இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 500 சுற்றை 600 ஆக்கினால் அது 44 சதவீதம் ஏறுகிறது.

இதுவரை சொன்னது இணைப்புகள் இறுக்கமாக இருக்கும்போது வரும் விசை. இணைப்புத் துளைக்குள் இருக்கும் உறையான புஷ் தேய்ந்து ஒரு சிறு தளர்வு வந்துவிட்டால், தண்டு அந்த இடைவெளியைக் கடந்து போய் மறுபக்கத்தில் மோதும். தள்ளுதல் அடித்தலாக மாறிவிடும். செந்தூள் அந்தத் தளர்வின் அடையாளம். இறுகப் பிடித்திருக்க வேண்டிய இரண்டு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நுண்ணியதாக உரசும்போது உதிரும் இரும்புத் துகள் காற்றுப் பட்டுச் சிவந்துவிடுகிறது. மழையில் நின்ற இரும்பில் கறல் எங்கும் பரவலாகப் பிடிக்கும். போல்ற்றைச் சுற்றி மட்டும் தூளாக வடிந்தால் அந்த இணைப்பு அசைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பரந்தன் சாரதி

கணக்கு நன்றாக விளங்குகிறது, ஆனால் வேகத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று வாசிப்பவர்கள் எண்ணிவிடக்கூடாது. நான் அறுவடை இயந்திரம் ஓட்டுபவன். கத்தியின் வேகம் குறைந்து, இயந்திரம் முன்னே போகும் வேகம் குறையாவிட்டால், பயிர் வெட்டுப்படுவதற்கு முன்னர் வளைந்து, கத்தியோரமாக முன்னே நீட்டி நிற்கும் இரும்பு விரல்களுக்கு இடையில் திணிபடும். அப்போது கத்தியின் தடை கூடித் தண்டுக்கு இன்னும் கேடு. தம்பியின் கணக்கில் நிமிடத்துக்கு 500 சுற்று என்றால் 1,000 வீச்சு. இயந்திரம் நொடிக்கு 1 மீற்றர் ஓடினால் ஒரு வீச்சுக்கு 60 மில்லிமீற்றர் முன்னே போகிறது. நொடிக்கு 1.5 மீற்றர் ஓடினால் 90 மில்லிமீற்றர். வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று கியரைக் கூட்டும் சாரதி, அந்த வித்தியாசத்தை முழுவதும் கத்தியின் தலையில்தான் கட்டுகிறார். கத்தியின் வேகத்தை உற்பத்தியாளர் வைத்த இடத்தில் விடுங்கள், பெல்ற் ஓடும் சக்கரமான புலியை மாற்ற வேண்டாம். கால்நடையாக ஒருவர் சாதாரணமாக நடக்கும் வேகத்துக்கு மேல், சாய்ந்த பயிரிலோ கோரை மண்டிய வயலிலோ ஓடவே வேண்டாம்.

யாழ்ப்பாணத்து வயல்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் ஒரே வெளியாகக் கிடக்கும். குடாநாட்டிலோ 16 பரப்பு கொண்ட ஒரு ஏக்கருக்குள்ளேயே பல துண்டுகளும் பல வரம்புகளும் இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் எஞ்சினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டே ஹெடரின் கிளச்சை வெடுக்கென்று போடும் பழக்கம் பலரிடம் உண்டு. நின்ற கத்தியைக் கண நேரத்தில் முழு வேகத்துக்கு இழுப்பது தண்டுக்கு விழும் பெரிய அடி. எஞ்சின் வேகத்தைக் குறைத்துக் கத்தியை ஓட விட்டு, அதன் பிறகு வேகத்தைக் கூட்டிப் பயிருக்குள் நுழைய வேண்டும்.

சுன்னாகம் கராஜ்

பரந்தன் சாரதி சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். இனி மூல காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இடப்பக்கத்தில் கத்தி இறுகுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

கத்திச் சட்டம் காற்றில் ஓடவில்லை. கீழே விரல்களின் வெட்டுத்தகடு, பின்னால் தேய்மானத் தகடு, மேலே அமுக்குத் தகடு ஆகிய மூன்றுக்கும் நடுவில் சறுக்குகிறது. பின்பக்கத் தேய்மானத் தகடு தேய்ந்தால், பயிர் தள்ளும்போது கத்தி பின்னுக்குப் போய் வளைந்து வளைந்து ஓடும். அமுக்குத் தகடு தளர்ந்தால் கத்தித் தகட்டின் நுனி மேலே எழும்பும், அப்போது வைக்கோல் வெட்டுப்படாமல் கீழே நுழைந்து ஆப்புப் போல் இறுகும். அதே அமுக்குத் தகட்டைச் சுத்தியலால் அடித்துக் கீழே தாழ்த்திவிட்டால் கத்தி பிடிபட்டுச் சூடேறும். இந்த வகைச் சிறிய இயந்திரங்களில் அமுக்குத் தகட்டுக்கும் கத்திக்கும் இடையே 0.5 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி வராமல், ஆனால் கத்தி கையால் தள்ளும்போது தடையின்றி ஓடும்படி வைப்பது வழக்கம். உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. கண் அளவை நம்பாமல் இடைவெளித் தகடுகளை வைத்து ஒவ்வொரு அமுக்குத் தகட்டிலும் அளக்க வேண்டும். மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வதற்கு இடம் இருந்தால், சுத்தியலை எடுக்கவே தேவையில்லை.

அடுத்தது விரல்களின் ஒழுங்கு. இடப்பக்கக் கடைசி விரலிலிருந்து வலப்பக்கக் கடைசி விரல் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். ஒரு விரல் மட்டும் வரம்பில் குத்தித் தாழ்ந்திருந்தால், அந்த ஒரு விரல் முழுக் கத்தியையும் வளைக்கிறது. வளைந்த சட்டம் ஒவ்வொரு வீச்சிலும் நிமிர்ந்து மறுபடி வளைவதால், கத்தித் தலைக்கு அடுத்த துளையில் களைப்பு ஏறும். புதிய விரல் போட்டால் அயலில் உள்ளவற்றோடு அதன் வெட்டுத்தகடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் போல்ற்றை இறுக்க வேண்டாம்.

பிறகு முனைப் பொருத்தம். கிராங் ஒரு முனைக்குப் போய் நிற்கும்போது கத்தித் தகட்டின் நடுக்கோடு விரலின் நடுக்கோட்டோடு பொருந்த வேண்டும், மறு முனையிலும் அப்படியே. ஒரு பக்கம் கடந்தும் மறு பக்கம் குறைந்தும் நின்றால் தண்டின் நீளம் பிழை. புதிய தண்டு பூட்டிய உடனே கத்தித் தலை முறிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்டு பழையதன் நீளத்துக்குச் சமமானதா, அது கத்தியின் ஓட்டத்தோடு ஒரே கோட்டில் நின்றதா என்று அளந்து பாருங்கள். தண்டு மேலேயோ கீழேயோ சரிந்து நின்றால், ஒவ்வொரு தள்ளலிலும் ஒரு பங்கு விசை கத்தித் தலையைத் தூக்கவோ அமுக்கவோ செலவாகும்.

மழுங்கிய கத்தித் தகடுகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மாற்றுங்கள். ஆனால் றிவெற் தளர்ந்து ஆடும் தகடு மழுங்கிய தகட்டை விட ஆபத்தானது, அது விரலில் ஏறி உட்கார்ந்தால் தண்டு அந்தக் கணமே போய்விடும்.

வின்னிபெக் உறவு

வணக்கம். நான் அளவெட்டியைச் சேர்ந்தவன், இப்போது கனடாவின் மனிற்றோபாவில் பெரிய பண்ணை இயந்திரங்களைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். இங்கே ஹெடர்கள் 12 மீற்றரையும் தாண்டிப் போகின்றன, பயிரும் கோதுமையும் கனோலாவும். ஆயினும் கத்தியின் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றே.

இரண்டு விடயங்களை மட்டும் சேர்க்கிறேன். இங்கே தயாராகும் மக்டொன் ஹெடர்களின் கையேடு, கத்தித் தலைக்கு அளவுக்கு மிஞ்சிக் கிறீஸ் அடிக்க வேண்டாம் என்று தெளிவாக எச்சரிக்கிறது. ஊசி உருளைப் பெயாரிங் உள்ள கத்தித் தலையில் கிறீஸ் நிரம்பி அழுத்தம் ஏறினால், அது கத்தியின் தலையை அதன் ஓட்டக் கோட்டிலிருந்து விலக்கிவிடும். முதல் சில விரல்கள் உரசிச் சூடேறும், இயக்கத்துக்குச் சுமை கூடும். நிறையக் கிறீஸ் அடித்தால் நல்லது என்று நம்பும் அக்கறையான ஆட்களின் இயந்திரங்களிலேயே இதை அதிகம் காண்கிறேன். அப்படி நிரம்பிவிட்டால் கிறீஸ் முலையைக் கழற்றி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுப் பூட்ட வேண்டும். உங்கள் இயந்திரத்தில் இருப்பது ஊசி உருளையா, புஷ்ஷா, பந்து மூட்டா என்று முதலில் பாருங்கள். கையேடு சொல்லும் அளவு அதற்கேற்ப மாறும்.

மற்றையது சூட்டுச் சோதனை. கத்தியையோ விரலையோ மாற்றிய பிறகு, பயிருக்குள் போகாமல் சில நிமிடங்கள் வெறுமனே ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாம் அசைவற்று நின்ற பின் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள். எந்த விரல் மற்றவற்றை விடச் சுடுகிறதோ அங்கேதான் உரசல். அளவுகோல் பிடிக்க முடியாத கோளாறையும் இந்தச் சோதனை காட்டிவிடும்.

மல்லாகம் ஒட்டுவேலை

போல்ற்றையும் ஒட்டுவேலையையும் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. முறிந்த தண்டை ஒட்டக்கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அறுவடை நடுவில், கொழும்பிலிருந்து பாகம் வரும் வரைக்கும் நெல் காத்திருக்காது. ஓரங்களைச் சரித்து அராவி, முன்கூட்டிச் சூடாக்கி, குறைந்த ஐதரசன் ஒட்டுக்குச்சியால் ஒட்டி, மெதுவாக ஆறவிட்ட தண்டுகள் அந்த அறுவடையை முடித்துக் கொடுத்திருக்கின்றன. போல்ற்றுக்கு 8.8 தரத்தை விட்டு, அதைவிட உரமான 12.9 தரம் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

சுன்னாகம் கராஜ்

அவசரத்தில் தண்டை ஒட்டி ஒரு வயலை முடிப்பதை நானும் மறுக்கவில்லை, நீங்கள் சொன்ன முறையில் ஒட்டினால். ஆனால் அந்தத் தண்டு அடுத்த போகத்துக்கு இயந்திரத்தில் இருக்கக்கூடாது. ஒட்டின் ஓரத்தில் சூடு பட்டு மாறிய இரும்பிலிருந்தே அடுத்த வெடிப்பு தொடங்கும். கத்திச் சட்டத்தை ஒட்டுவது வேறு கதை. அது மெல்லியது, ஒட்டியதும் கோணும், கோணிய சட்டம் நேராக ஓடாது. கத்தித் தகட்டை அரைக்கும்போதும் இதே கவனம் வேண்டும், ஓரம் நீலம் பாய்ந்துவிட்டால் அதன் பதம் போய்விட்டது.

போல்ற் விடயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. இந்த இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது போல்ற்றின் உடம்பு அன்று, அது இரண்டு முகங்களையும் நெரித்துப் பிடிக்கும் இறுக்கம். 12.9 போல்ற்றை 8.8 போல்ற் அளவுக்கே இறுக்கினால் நெரிப்பு சிறிதும் கூடாது, இணைப்பு முன்போலவே அசையும். 12.9 அளவுக்கு இறுக்கினால் அதைத் தாங்கும் வகையில் திருகுநூல் வெட்டிய கத்தித் தலை செய்யப்பட்டிருக்காது, திருகுநூல் பிடுங்கும். இயந்திரத்தோடு வந்த தரத்தையே வாங்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். கையேடு இல்லாவிட்டால், எண்ணெய் படாத 8.8 தர 10 மில்லிமீற்றர் போல்ற்றுக்கு 45 முதல் 50 நியூற்றன் மீற்றர் வரை என்பது பொதுவான அளவு. பூட்டும் முன் இரண்டு முகங்களிலும் உள்ள பெயின்ற், கறல், கிறீஸ் எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டும். நைலோன் நட்டைக் கழற்றினால் புதியது போடுங்கள். பூட்டிய பின் போல்ற்றின் தலையிலிருந்து தண்டு வரைக்கும் பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிட்டால், காலையில் ஒரு பார்வையிலேயே அது திரும்பியிருக்கிறதா என்று தெரியும். முதல் மணித்தியால ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பெல்ற்றையும் கட்டையாக இறுக்கிவிட வேண்டாம். கத்தி இறுகும் கணத்தில் பெல்ற் சற்றுச் சறுக்கிக் கொடுப்பதால்தான் பல வேளைகளில் தண்டு தப்புகிறது.

கைதடிக் கமக்காரர்

இயந்திரம் என்னிடம் இல்லை, நான் வாடகைக்கு வெட்டுவிப்பவன். ஆயினும் வயலின் பக்கத்துப் பொறுப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் வயலோரங்களில் பனைகள் நிற்கின்றன. காய்ந்த கருக்கு மட்டையும் பனங்கொட்டையும் பயிருக்குள் விழுந்து மறைந்து கிடக்கும். வேலிக்குப் போட்ட முள்ளுக்கம்பியின் துண்டுகளும் உண்டு. இயந்திரம் வருவதற்கு முன் ஓரங்களை ஒருமுறை சுற்றி வந்து இவற்றைப் பொறுக்கிவிட்டு, கிணற்றுக் கட்டும் எல்லைக்கல்லும் உள்ள இடங்களில் கம்பு நட்டுத் துணி கட்டிவிடுவது வயல்காரரின் கடமை. இரும்புப் பொருள் எதுவாவது அடையாளம் தெரியாமல் கிடந்தால் தொடாமல் அறிவியுங்கள், போர் நடந்த இந்த மண்ணில் அது வெடிபொருளாக இருக்கலாம் என்பதை மறக்க முடியாது.

மொட்டைக்கறுப்பன் போன்ற உயரமாக வளரும் நெல்லினங்களை விதைப்பவர்கள் சாய்ந்த பயிரை எப்படியாவது அடியோடு வெட்டித் தரும்படி சாரதியை நெருக்குகிறோம். அப்போது கத்தி சேற்றை அள்ளுகிறது. வைக்கோலில் நான்கு விரற்கடை குறைந்தாலும் பரவாயில்லை என்று நாம் சொன்னால் இயந்திரமும் தப்பும், நெல்லில் மண்ணும் கலக்காது.

பரந்தன் சாரதி

ஐயா சொன்ன சேறுதான் காலை நேர முறிவுகளுக்குக் காரணம். மாலையில் கத்திக்கும் விரலுக்கும் இடையில் அடைந்த சேறு இரவில் இறுகிவிடும். காலையில் வந்து அப்படியே கிளச்சைப் போட்டால் கத்தி நகர்வதற்கு முன் தண்டு வளைந்துவிடும். வேலை முடிந்ததும் கழுவி, ஓரளவு உலர ஓட்டி, எண்ணெய் தடவிவிட்டுப் போக வேண்டும். காலையில் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே எஞ்சினைத் தொட வேண்டும். நாவற்குழி போன்ற உவர் நிலங்களில் வெட்டிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவாமல் விடவே கூடாது, கறல் தின்ற குழியிலிருந்தும் வெடிப்பு தொடங்கும்.

தென்மராட்சி வயல்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியபடி ஹெடரைக் கழற்றி அளந்து பார்த்தோம். இடப்பக்கத்து அமுக்குத் தகடு இரண்டும் சுத்தியலால் தாழ்த்தப்பட்டிருந்தன, அங்கே இடைவெளியே இல்லை. அவற்றுக்குக் கீழேயிருந்த தேய்மானத் தகட்டில் விளிம்பு ஒரு படியாகத் தேய்ந்திருந்தது. நூல் கட்டிப் பார்த்தபோது இயக்கப் பக்கத்திலிருந்து இரண்டாவது விரல் தாழ்ந்து நின்றது. கிராங்கின் பெயாரிங்கிலும் கையால் உணரக்கூடிய ஆட்டம் உண்டு. தண்டின் நீளம் சரியாகவே இருந்தது. தேய்மானத் தகடுகள், அந்த விரல், பெயாரிங், எல்லாப் போல்ற்றுகள் ஆகியவற்றை மாற்றுகிறோம். தண்டு பழைய அளவிலேயே இருக்கும். மேலதிகமாக ஒரு முழுக் கத்தியும் வாங்கி வைக்க எண்ணியிருக்கிறோம். அதை எப்படி வைத்திருப்பது?

சுன்னாகம் கராஜ்

சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், தன் பாரத்திலேயே வளைந்துவிடும். நேரான பலகையில் பல இடங்களில் கட்டிப் படுக்கையாக வையுங்கள், அல்லது ஒரு முனையில் தொங்கவிடுங்கள். தகடுகளுக்கும் றிவெற்றுகளுக்கும் எண்ணெய் தடவி, பிளாத்திக்கு உறையால் மூடாமல் எண்ணெய் தோய்ந்த சாக்கால் சுற்றுங்கள். உறைக்குள் வியர்த்தால் கறல் பிடிக்கும். அதனோடு கத்தித் தலைக்குரிய போல்ற், நட், வொஷர் ஒரு தொகுதியையும் அதே பலகையில் கட்டிவிடுங்கள். வயலில் கத்தி மாற்றும்போது பழைய போல்ற்றைத் திரும்பப் பூட்ட வேண்டிய நிலை வராது.